நம்ம வீட்டு குரூப்: கதை எழுத மாட்டேங்குறான்

அண்ணி: அக்கா, சின்னவனுக்கு ஸ்கூல்ல "மழை நாள்" னு தலைப்பு குடுத்து கதை எழுதிட்டு வர சொல்லியிருக்காங்க, நோட்டை தொறந்து வச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கான் மூணு வரிக்கு மேல போகல. வாயால கேட்டா மட்டும் நிறுத்தாம சொல்றான்

பெரியக்கா: வாயால வருதுல்ல, அப்போ கதை அவன்கிட்ட இருக்கு. முதல்ல நோட்டை மூடி வைக்க சொல்லு

பெரியக்கா: பாட்டு வரி இல்லாத வெறும் இசை ஏதாவது போடு, வீணை புல்லாங்குழல் பியானோ எதுன்னாலும் சரி. இது சோகமான டியூன்னு நீயா சொல்லிடாத. பாதியில நிறுத்திட்டு யாரு வர்றா, எங்க போறாங்க, ஏன் இவ்ளோ அவசரம்னு கேளு. என் கிளாஸ்ல ஒரே டியூனுக்கு ஒருத்தி ரயிலை விட்டுட்ட பாட்டின்னு சொன்னா, பக்கத்துல இருந்தவன் திருடன் ஓடுறான்னான், ரெண்டுமே சரிதானே, தப்புன்னு யாரும் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சதும் பசங்களுக்கு பயம் போயிடுது

தம்பி: வரி இருக்குற பாட்டு ஏன்க்கா வேணாம்

பெரியக்கா: கதையை அந்த வரியே சொல்லிடும்டா. பிள்ளைக்கு என்ன மிச்சம்

தம்பி: அண்ணி அப்போ பீட்டரும் ஓநாயும்னு ஒரு இசைக்கதை இருக்கு, அதை போட்டு காட்டுங்க. ரஷ்யாக்காரர் புரோகோஃபியெவ் 1936ல பசங்களுக்காகவே பண்ணது, கதையும் அவரே எழுதினாரு. நடுவுல ஒருத்தர் கதை சொல்லுவாரு, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வாத்தியம், குருவிக்கு ஃப்ளூட், பூனைக்கு கிளாரினெட், தாத்தாவுக்கு பஸ்ஸூன், ஓநாய் வந்தா மூணு ஹார்ன். வாத்துக்கு ஓபோ. ஓநாய் அவசரத்துல வாத்தை உயிரோட முழுங்கிடும், கடைசில எல்லாரும் ஊர்வலமா போறப்போ அது வயித்துக்குள்ள இருந்து ஓபோ மெதுவா கேக்கும் 😮

அண்ணி: ஐயோ வாத்து வெளிய வந்துச்சா இல்லையா

பெரியக்கா: அது கதையில இல்ல. அதையே அவன்கிட்ட கேளு, அதுதான் அவன் எழுத வேண்டிய கதை. மழை நாளும் அப்படித்தான், மேசையில விரலால தட்டி அவனே மழை சத்தம் போடட்டும், தூறல்ல ஆரம்பிச்சு பெருசாக்கட்டும், திடீர்னு நிறுத்தட்டும். எங்க நிறுத்துறானோ அங்க ஏதோ நடக்கணும்னு அவனுக்கே தோணும்

அப்பா: எல்லாம் சரிம்மா, பரீட்சை ஹால்ல யாரு இசை போடுவா? எழுத்துப்பிழைக்கு மார்க் போகுமே

பெரியக்கா: பிழை திருத்தணும்ப்பா, நானும் திருத்துறேன், ஆனா மறுநாள்தான். எழுதினதை முதல்ல சத்தமா படிக்க வைப்பேன், மூச்சு முட்டுற இடத்துல அவங்களே நின்னு டீச்சர் இந்த வரி நீளமா இருக்குன்னுவாங்க. காதுக்கு பழகினது பரீட்சை ஹாலுக்கும் கூடவே வரும்ப்பா. எடுத்ததுமே சிவப்பு பேனா வந்துச்சுன்னா தப்பு வராத சொல்லா பாத்து மூணே வரியில முடிச்சுக்குவாங்க

அப்பா: ம்ம். மறுநாள் திருத்துறதுன்னா எனக்கும் சரிதான்

அண்ணி: அக்கா வாத்தை கேட்டேன், எழுத மாட்டானாம், ரெக்கார்ட் பண்ணி குரூப்ல போடுறேன்னு என் போனை புடுங்கிட்டான்

பெரியக்கா: பண்ணட்டும் விடு. அவன் சொன்ன மாதிரியே பாதி வரைக்கும் நீ எழுதி குடு, ஒரு சொல்லை கூட மாத்தாத. மீதியை அவனே எழுதட்டும்

தம்பி: என் கீபோர்டுல ஓபோ சத்தம் இருக்கு, ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வர்றேன்