அடைமழையில் கழிவறை எதுக்களிக்கிறது: குழியை உயர்த்தினால் போதுமா?

உப்பங்கரை:
வேதாரண்யம் பக்கம் மணற்பாங்கான கடலோர ஊர். எல்லாம் இரட்டைக் குழிக் கழிவறை, 3 அடி விட்டத்து உறை, 4 அடி ஆழம். கார்த்திகையில் ஓர் அடி தோண்டினாலே தண்ணீர். வெள்ளம் தரைக்கு மேல் 2 அடி ஏறி நாலைந்து நாள் நிற்கிறது, பீங்கானில் எதுக்களிக்கிறது. குடிக்கிற உறைக்கிணறு 25 அடியில் இருக்கிறது. குழியை மட்டும் 3 அடிக்கு உயர்த்தினால் சரியாகுமா? கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

மட்டப்பலகை:
குழியை மட்டும் உயர்த்தினால் குழாய் வாய் பீங்கானைவிட மேலே போய்விடும், இன்னும் மோசமாகும் சார். கணக்கை வெள்ளக்கோட்டிலிருந்து மேலே போடுங்கள். வெள்ளம் 24 அங்குலம். குழி மூடி அதற்கு மேல் ஓர் அடி, அதாவது 36. குழாய் குழிக்குள் நுழைவது 28-ல். 10 அடி தூரத்துக்கு 30-க்கு 1 வாட்டம் விட்டால் 4 அங்குலம் ஏறும், 32. பீங்கானும் அதன் அடியில் தண்ணீர் நிற்கிற வளைவான டிராப்பும் சேர்ந்து 16 அங்குலம் பிடிக்கும். ஆகக் கழிவறைத் தளம் 48 அங்குலத்தில். 6 அங்குலப் படி என்றால் 8 படி. கைப்பிடி வைக்காவிட்டால் வயசானவர்கள் ஏற மாட்டார்கள், கட்டடம் விறகு அடுக்கத்தான் ஆகும். உறையைச் சுற்றி 3 அடிக்கு மண் நிரப்பி, மூடி மட்டம் வரை திமிசு போட்டு இறுக்குங்கள். தரைக்கு மேல் வரும் உறை இணைப்புகளை சிமெண்ட் வைத்துப் பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேட்டின் பக்கவாட்டில் கசியும்.

ஈரமண்:
மட்டம் சரி, ஆனால் ஒன்று விட்டுப்போச்சு. குழியின் அடி திறந்திருக்கிறது. வெளியே 24 அங்குலம் நின்றால் உள்ளேயும் மெதுவாக 24-க்கு வந்துவிடும். குழாய் வாய்க்கு மிச்சம் 4 அங்குலம்தான். 3 அடி உறையில் ஓர் அடி உயரத்துக்குச் சுமார் 200 லிட்டர் பிடிக்கும், அப்படியானால் 4 அங்குலத்துக்கு 65 லிட்டர். ஆளுக்கு நாளைக்கு 9.5 லிட்டர் என்று வைத்தால் 5 பேர் வீட்டுக்கு ஒன்றரை நாள்கூடத் தாங்காது.

தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிற தெருவுக்கு உறிஞ்சுகுழி பொருந்தாது. திருச்சி மாவட்டம் முசிறியில் இருப்பது மாதிரி தரைக்கு மேலேயே இரண்டு அறை கட்டும் உலர் கழிவறை யோசியுங்கள். சிறுநீரும் கழுவுகிற தண்ணீரும் தனி வழி, மலம் விழுகிற அறைக்குள் சாம்பல் மட்டும். அந்தத் தண்ணீர் அறைக்குள் இறங்கினால் நாற்றம்தான், புழுவும் வரும். பிளாஸ்டிக் செப்டிக் டேங்க் வைக்கிறவர்கள் அதைக் காலியாகப் புதைக்கக் கூடாது. நிலத்தடி நீர் ஏறினால் மேலே மிதந்து குழாயைப் பிய்த்துவிடும்.

கிணற்றுக்கு 25 அடி போதவே போதாது. குழி தண்ணீரில் மூழ்குகிற இடத்தில் குறைந்தது 10 மீட்டர், அதாவது 33 அடி வேண்டும். பருமணலாக இருந்தால் அந்தத் தூரத்திலும் குழியின் அடியை அடைத்துச் சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நைஸ் மணல் போட வேண்டும்.

கிணற்றடி:
பவுடர் கணக்கு: விட்டம் × விட்டம் × நீர் ஆழம் (மூன்றும் மீட்டரில்) × 785 = லிட்டர். 1.2 மீட்டர் விட்டம், 2 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 2,260 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 6 கிராம் வரும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இது காணாது. இரட்டிப்பில் தொடங்கி, ஒரு மணி நேரம் கழித்தும் குளோரோஸ்கோப் (மிச்சக் குளோரினை அளக்கும் கருவி) லிட்டருக்கு 0.5 மி.கி. காட்டும் வரை கூட்டுங்கள்.

பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் கூழாகக் கரைத்து, தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கயிற்றில் இறக்கிக் கலக்குங்கள். சுண்ணாம்பு வண்டல் உள்ளே போனால் தண்ணீர் கடினமாகும்.

கிணற்றை ஒட்ட இறைக்கவும் வேண்டாம். அங்கே நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீர் மேல் மிதக்கிறது. மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால் கணக்குப்படி அடியில் உப்பு 40 அடி ஏறும்.

உப்பங்கரை:
போன வருஷம் பிரித்த மூட்டை பாதி இருக்கிறது. அதையே போடலாமா?

கிணற்றடி:
வேண்டாம். திறந்த மூட்டையில் குளோரின் போய்க்கொண்டே இருக்கும், கடலோர ஈரத்தில் சீக்கிரம். கட்டி தட்டியிருந்தால் சாக்கடைக்குத் தூவுங்கள், கிணற்றுக்குப் புது மூட்டை பிரியுங்கள்.