மலை முதலா, பாதை முதலா? கல்லாறு – குன்னூர் மாதிரி ரயில் அமைப்பு பற்றிப் புனைபெயரில் எழுதும் நால்வரின் விவாதம்

ஏற்றப்பாதை:

நீலகிரி மலை ரயிலின் கல்லாறு – குன்னூர் பகுதியை 1:87 அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு), 12 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில் அமைக்கத் திட்டமிட்டிருக்கிறேன். சுவரோரமாக 4 மீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மேடைக்கு இடம் இருக்கிறது. மாதிரி ரயில் கையேடுகள் பெரும்பாலும் ஒரே வரிசையைத்தான் சொல்கின்றன: முதலில் மரச்சட்டம், அடுத்து தண்டவாளம், மின்னிணைப்பு, ஓட்டிப் பார்த்தல், எல்லாம் முடிந்த பிறகு மலை. இந்த வரிசை நம் மலைக்குப் பொருந்தாது என்றே நான் கருதுகிறேன். மலையை முதலில் செதுக்கிவிட்டு, அதன் சரிவில் பாதையை வெட்டி எடுக்க வேண்டும்.

1854-இல் பேச்சு எழுந்த இந்த ரயில்பாதையின் வேலை 1891-இல்தான் தொடங்கியது. உதகமண்டலம் வரை முடிய 1908 ஆனது. அத்தனை காலம் பிடித்ததற்குக் காரணம் அந்த மலை. 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள் என்ற கணக்கு முழுவதும் மலை கேட்டு வாங்கிய விலை. ஓடை இறங்கும் இடத்தில் பாலம், முகடு குறுக்கிடும் இடத்தில் வளைவு அல்லது சுரங்கம் என்பதே அங்குள்ள ஒழுங்கு. சராசரியாக 184 மீட்டருக்கு ஒரு பாலம் வருகிறது. நம் அளவில் அது சுமார் 2 மீட்டர். ஆகவே என் மேடையில் இரண்டு பாலங்களாவது வர வேண்டும், இரண்டுக்கும் மேலே உண்மையான நீர்வழி தெரிய வேண்டும். பாதையை முதலில் போட்டுவிட்டால், தண்டவாளம் விட்டுவைத்த மிச்ச இடத்தில் மலை ஒண்டிக்கொண்டு நிற்கும். பார்ப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பல்சக்கரம்:

ஏற்றப்பாதை அவர்கள் பாலங்களைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வரிசையைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பாதை 12-க்கு 1 என்ற அளவுக்கு ஏறுகிறது. 4 மீட்டர் நீளத்தில் அது 33 சென்டிமீட்டர் உயரம். சாதாரண மாதிரி ரயில்களில் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற ஏற்றத்திற்கே எஞ்சின் திணறும் என்பதால், பல்தண்டவாளம் (எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறுவதற்கான பற்கள் கொண்ட தண்டு) இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது. அசலில் ஆப்ட் முறைப்படி இரண்டு பல்தண்டுகள் அருகருகே, ஒன்றின் பல் மற்றொன்றின் பல்லுக்கு இடைப்பட்டு நிற்குமாறு பதிக்கப்பட்டிருக்கின்றன. மாதிரியில் அந்தப் பற்களின் உயரம் அரை மில்லிமீட்டர் மாறினாலும் சக்கரம் பல்லின் மேலேறிக் குதிக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பகுதியில் எஞ்சின் எப்போதும் இறக்கத்தின் பக்கமே நிற்கிறது. ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. எடை குறைந்த மாதிரிப் பெட்டிகளை வளைவில் மேல்நோக்கித் தள்ளினால் நடுப்பெட்டியின் சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடும். சமதளத்திலிருந்து ஏற்றத்திற்கு மாறும் இடத்தைச் சீராக வளைத்துக் கொண்டுபோகாவிட்டால் கொக்கிகள் கழன்றுவிடும். இவற்றையெல்லாம் பலமுறை ஓட்டிப் பார்த்துத் திருத்திய பிறகே ஒரு பாதை நிலைபெறுகிறது. செதுக்கி, பூசி, வண்ணம் தீட்டிய மலைக்குள் அந்தத் திருத்தங்களைச் செய்வதென்றால் மலையை உடைக்க வேண்டியிருக்கும். ஓடாத ரயிலுக்கு எவ்வளவு அழகான மலையும் ஈடாகாது.

ஏற்றப்பாதை:

ஓட்டிப் பார்ப்பதற்கு மலை தடையாக இருக்கத் தேவையில்லை. அதே ஏற்றத்தையும் அதே வளைவையும் ஒரு பிளைவுட் பலகையில் தற்காலிகமாக அமைத்து, பெட்டிகளுக்கு எவ்வளவு எடை சேர்க்க வேண்டும், எந்த ஆரத்திற்குக் கீழே வளைவு கூடாது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். பல்தண்டவாளத்தைப் பதித்த பிறகு அதன் தலைக்கு மேலே பிளாஸ்டரைப் பூசுவதும் சுரண்டுவதும்தான் உண்மையான ஆபத்து. அந்தத் தூள் பற்களுக்கிடையே இறங்கி ஈரம் பட்டு இறுகினால், ஊசியால் ஒவ்வொரு பல்லாகக் குத்தி எடுக்க வேண்டும். தூள் எழுப்பும் வேலைகள் அனைத்தும் முடிந்த பிறகே பல்தண்டு உள்ளே வர வேண்டும் என்பதுகூட என் வரிசைக்கு ஆதரவான காரணம்தான்.

சாரல்:

இருவரும் மலை என்று எழுதும்போது பாறையையே மனத்தில் வைத்திருப்பதாகத் தோன்றுகிறது. கல்லாற்றுக்கு மேலே ரயிலில் போனவர்களுக்குத் தெரியும்: கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் காடு. அடிவாரத்தில் பாக்குத் தோப்பு, அதற்கு மேல் அடர்ந்த மரங்கள், குன்னூரை நெருங்கும்போது தேயிலை. பாறை வெளிப்படுவது பாதைக்காக வெட்டிய சுவர்களிலும் செங்குத்தான சில முகங்களிலும் மட்டுமே.

அந்தப் பாறையும் எல்லா ஊர்ப் பாறையும் அன்று. நீலகிரி பெரும்பாலும் சார்னோகைட் என்ற கடினமான பாறையால் ஆனது. நீலம் கலந்த கரும்சாம்பல் நிறம், பருமணியான உடல், வெயிலும் மழையும் பட்டு உருண்டு திரண்ட விளிம்புகள். கடையில் கிடைக்கும் ரப்பர் பாறை அச்சுகளில் பல, அமெரிக்க மேற்குப் பகுதியின் அடுக்கடுக்கான பாறைகளைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அவற்றில் வார்த்த படுகைப்பாறை இந்தப் பாதையிலுள்ள ஹில்குரோவ் நிலையத்திற்குப் பின்னால் நின்றால், அந்த மலையை அறிந்தவர் ஒரு நொடிகூட நம்ப மாட்டார். உடைந்த கருங்கல் ஜல்லியில் நல்ல முகம் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் சிலிக்கோன் பூசி, சொந்தமாக அச்சு எடுத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். வெட்டுச்சுவரின் மேல்விளிம்பில் ஒரு விரல் பருமனுக்குச் செம்மண் தெரிய வேண்டும். பாறையில் மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகள் நேர் கீழாக இறங்க வேண்டும்.

மலையின் உயரம் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. மேட்டுப்பாளையம் 326 மீட்டர், உதகமண்டலம் 2,203 மீட்டர். இடைப்பட்ட உயரத்தை 87-ஆல் வகுத்தால் 21 மீட்டருக்கு மேல் வருகிறது. ஏற்றப்பாதை அவர்கள் 60 சென்டிமீட்டர் மலை கட்டினால், அது அசலில் 52 மீட்டர் குன்று. இருபது மீட்டர் மரம் ஒன்றை அளவு தவறாமல் செய்தால் 23 சென்டிமீட்டர் வரும். அப்படி மூன்று மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் மலை மறைந்துபோகும். ஆகவே மலையை மலையாகக் காட்டுவது மரங்களின் அளவே. பாதையோரத்தில் 10 சென்டிமீட்டர் மரங்கள், நடுவில் அதில் பாதி, உச்சியில் பொடித்த பஞ்சுத் துகள் மட்டும், அதுவும் பின்னோக்கிப் போகப் போகப் பச்சை வெளிறி நீலமாக மாறும்படி அமைத்தால், 75 சென்டிமீட்டர் அகலத்திற்குள் பல கிலோமீட்டர் தொலைவைக் கண் ஏற்றுக்கொள்ளும்.

தாங்குசுவர்:

சாரல் அவர்கள் சொன்ன நிறமும் அளவும் அருமை. நான் பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தின் முடிவு அதில்தான் அடங்கியிருக்கிறது. மலையை முதலில் செதுக்க வேண்டும் என்றால் செதுக்கத்தக்க பொருள் வேண்டும். அதாவது எக்ஸ்பிஎஸ் (மணிகளில்லாத, அடர்த்தியான பாலிஸ்டைரீன்) நுரைப் பலகைகளை ஃபெவிகால் வைத்து அடுக்க வேண்டும். வெள்ளைத் தெர்மாகோல் மணிமணியாக உதிர்வதால் நுணுக்கமான செதுக்கலுக்கு ஆகாது. நுரைப் பலகை எடை குறைவு என்பது உண்மை. ஆனால் அது சாயத்தை உறிஞ்சாது, சூடான கம்பியால் அறுத்தால் மூச்சுக்குக் கேடான புகை வரும், தீப்பற்றினால் கரும்புகையோடு எரியும்.

மறுபக்கம், பாதையை முதலில் போட்டு, அட்டைப் பட்டைகளைப் பின்னி அல்லது கோழிவலையை வளைத்து, அதன்மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் பிஓபி (எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர்) பேண்டேஜை நனைத்துப் போர்த்தினால் 6 மில்லிமீட்டர் கனத்தில் ஓடு போன்ற மலை கிடைக்கும். பிளாஸ்டர் என்றாலே பாரம் என்று பயப்படுகிறார்கள். இந்தக் கனத்தில் ஒரு சதுர மீட்டர் 7 கிலோ அளவில்தான் இருக்கும். மாதிரி ரயில் இதழாசிரியர் லின் வெஸ்ட்காட் அமெரிக்காவில் பரப்பிய இந்த ஓட்டு முறையின் பெரிய நன்மை, மலை உள்ளே வெற்றிடமாக இருப்பது. சுரங்கத்தில் பெட்டி தடம் புரண்டால் கீழிருந்து கைவிட்டு எடுக்கலாம். கெட்டியான நுரை மலையில் என்ன செய்வீர்கள்?

ஏற்றப்பாதை:

நுரை மலையையும் அடியிலிருந்து குடைந்து வெற்றிடமாக்கலாம். சுரங்கத்தின் பின்சுவரில் கழற்றத்தக்க கதவும் வைக்கலாம். சாயம் உறிஞ்ச வேண்டிய பாறைகளை மட்டும் பிளாஸ்டரில் தனியாக வார்த்து நுரையில் பதித்துவிட்டால், தாங்குசுவர் அவர்கள் சொன்ன குறையும் தீர்ந்துவிடும். தீயைப் பற்றிய எச்சரிக்கையை நான் இலகுவாக எடுத்துக்கொள்ளவில்லை. நுரைமேல் எங்கும் பிளாஸ்டர் தோல் போர்த்தப்படும், மின்கம்பிகள் நுரைக்குள் போகாது.

ஆனால் ஓட்டு முறையில் ஒரு குறை அப்படியே இருக்கிறது. பெரும்பாலும் அதைப் பாதைக்கு மேலே மட்டும் கட்டுகிறார்கள். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் கட்டிய புகழ்பெற்ற மாதிரி ரயில் அமைப்பில் மலை தரையிலிருந்து கூரை வரை சென்றது. தண்டவாளத்துக்குக் கீழேயும் பள்ளத்தாக்கு இறங்கியது. நீலகிரிப் பயணத்தில் நெஞ்சை அடைப்பது, சன்னலுக்கு வெளியே காலடியில் திறக்கும் அந்தப் பள்ளம்தான். எனவே மேடையின் முன்விளிம்பை 40 சென்டிமீட்டர் கீழே இறக்கப் போகிறேன். இதை மலையிலிருந்து தொடங்கினால்தான் சிந்திக்க முடியும். தட்டையான மேடையில் தண்டவாளத்தை ஆணியடித்த பிறகு அந்தப் பள்ளம் யாருக்கும் தோன்றாது.

பல்சக்கரம்:

பள்ளம் பற்றிய வாதம் வலுவானது; மறுக்கப் போவதில்லை. அப்படியானால் ஒன்று செய்யுங்கள். முழு அளவு நுரையைத் தொடுவதற்கு முன், பத்தில் ஒரு பங்கு அளவில், 40 சென்டிமீட்டர் நீளத்திற்குக் களிமண்ணில் மலையைப் பிசைந்து, அதில் முகடுகளையும் ஓடைகளையும் வகுத்து, நூலை வைத்துப் பாதையை ஓட்டிப் பாருங்கள். உங்கள் மலை அங்கே முதலில் பிறக்கட்டும். அதன் பிறகு மேடையில் பிளைவுட் பாதையைத் தாங்குகட்டைகள் மேல் ஏற்றி, பல்தண்டோடு ஓட்டித் திருத்திவிட்டு, பல்தண்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மலையைக் கட்டலாம்.

ஓரிடத்தில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன்: முகடும் வளைவின் ஆரமும் மோதினால் முகடுதான் விலக வேண்டும்.

ஏற்றப்பாதை:

களிமண் மாதிரியையும் பல்தண்டைக் கழற்றும் யோசனையையும் நன்றியோடு ஏற்கிறேன். முகடு விலகுவதை ஏற்கவில்லை. ஆரம் போதாவிட்டால் நான்கு பெட்டிகளுக்குப் பதில் இரண்டே பெட்டிகளைத் தள்ளுவேன், அல்லது முகட்டைக் குடைந்து ஒரு குட்டைச் சுரங்கம் விடுவேன். நீலகிரியில் கட்டியவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

தாங்குசுவர்:

சுரங்கம் விடுவதென்றால், வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் துருத்தும் என்பதை மறவாதீர்கள். உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியின் பக்கவாட்டிலும் முனையிலும் பென்சிலைக் கட்டி, பலகை மேல் நகர்த்திக் கோடு வரைந்து, அந்தக் கோட்டுக்கு வெளியே இருபுறமும் 5 மில்லிமீட்டர் விட்டுச் சுரங்க வாயை அறுக்கவும். களிமண் மாதிரி முடிந்ததும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த படங்களை இங்கே இடுங்கள். ஓடைகள் சரியான இடத்தில் இறங்குகின்றனவா என்று சாரல் அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.