74எச்சி245 சூடாகிறது: டேட்டா பஸ்ஸில் மோதலா?

கேள்வி:
இசட்80 சிபியு போர்டு. டேட்டாவை இரு திசையிலும் கடத்தும் 74எச்சி245 பஃபர் ஐசியின் ஏ பக்கம் சிபியு, ரோம். பி பக்கம் ஐஓ கார்டு. 1-ஆவது பின்னில் (டிஐஆர், திசையைத் தீர்மானிப்பது) சிபியுவின் ஆர்டி (படிக்கும்) சிக்னல். 19-ஆவது பின் (ஓஇ, லோ ஆனால் அவுட்புட்டை இயக்குவது) நேராக கிரவுண்டில். ஐசி கை வைக்க முடியாத சூடு, படிக்கும் டேட்டாவும் தப்பு. ஐசி போச்சா?

பதில் 1:
ஐசி மேல் பழி போடாதீங்க, தப்பு 19-ஆவது பின்னில். ரோமைப் படிக்கும்போது ஆர்டி லோ ஆகும். டிஐஆர் லோ என்றால் பி-யிலிருந்து ஏ. ஓஇ எப்போதும் லோ என்பதால் ரோமும் 245-ம் ஒரே கம்பியை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. ஒன்று 1 என்கிறது, மற்றது 0 என்கிறது. கரண்ட் நேராக கிரவுண்டுக்குப் போகிறது. கார்டின் அட்ரஸ் டிகோடரிலிருந்து (சிபியு அழைப்பது இந்தக் கார்டையா என்று பார்க்கும் சர்க்யூட்) வரும் செலக்ட் சிக்னலை (லோவில் வேலை செய்வது) ஓஇ-க்குக் கொடுங்க. ஓஇ ஹை ஆனால் இரு பக்கமும் ஹை-இம்பீடன்ஸ் (245 எந்தக் கம்பியையும் இழுக்காத நிலை). ரீசெட்டில் ஓஇ மிதக்காமல் இருக்க 10கே புல்-அப் (அதை ஹைக்கு இழுக்கும் ரெசிஸ்டர்).

பதில் 2:
அந்த ரோம் டிடிஎல் லெவல் (5 வோல்ட்டை எட்டாத, குறைந்த வோல்ட்டேஜ் ஹை) தந்தால் எச்சி வகை ஐசி சரிவராது. 5 வோல்ட்டில் எச்சி 3.5 வோல்ட் இருந்தால்தான் ஹை என்று எடுக்கும். எச்சிடி-க்கு 2 வோல்ட் போதும். 74எச்சிடி245 போடுங்க, பின்கள் அதேதான். 10 (கிரவுண்ட்), 20 (சப்ளை) பின்களுக்கு நடுவே 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர்.

பதில் 3:
இன்டரப்ட் மோடு 2 (சிபியுவைக் குறுக்கிடும் கார்டே ஒரு எண்ணை, அதாவது வெக்டரை, தரும் முறை) உண்டா? வெக்டரைப் படிக்கும்போது ஆர்டி லோ ஆகாது; சிபியுவின் எம்1, ஐஓஆர்க்யூ சிக்னல்கள் இரண்டும் சேர்ந்து லோ ஆகும். அப்போதும் டிஐஆர் லோ ஆகணும், ஓஇ-யும் லோ ஆகணும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.