ஈயச் சுரங்கத்தின் கழிவு மேடுகளையும் காக்க வேண்டுமா?

கேள்வி:
இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியில், ஷெல்டன் கிராமத்துக்கு அருகிலுள்ள மேக்பை ஈயச் சுரங்கத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். 1869-இல் எழுந்த எஞ்சின் கூடத்தைச் சட்டப்படி காப்பது புரிகிறது. ஆனால் 1950-களின் தகரக் கொட்டகையையும் புல் மூடிய கழிவு மேடுகளையும் ஏன் காக்க வேண்டும்? ஈயம் கலந்த அந்த மண்ணை அள்ளிவிடுவதுதானே நல்லது?

முதல் பதில்:
அள்ளினால் சுரங்கத்தின் வரலாற்றில் பெரும்பகுதியை இழந்துவிடுவோம். அங்கே நெருங்கி ஓடிய ஈய நரம்புகளை, அதாவது பாறைப் பிளவுகளில் ஈயத் தாது படிந்த கோடுகளை, வெவ்வேறு குழுவினர் தோண்டினார்கள். எந்த நரம்பு யாருக்கு என்ற தகராறு முற்றி, 1833-இல் மேக்பை தொழிலாளர்கள் நிலத்தடியில் மூட்டிய தீயின் புகையில் அருகிலிருந்த போட்டிச் சுரங்கமான ரெட்சாயிலைச் சேர்ந்த மூவர் மூச்சுத் திணறி இறந்தனர். மறு ஆண்டு நடந்த விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். அந்தப் பகைவர்கள் எவ்வளவு அருகருகே வேலை செய்தார்கள் என்பதை, குழிகளையும் அவற்றைச் சூழ்ந்த மேடுகளையும் நேரில் பார்க்கும்போதுதான் உணர முடிகிறது. இச்சுரங்கம் இருக்கும் பீக் மாவட்டம் என்ற மலைப்பகுதியில் இத்தகைய மேடுகள் பல, எஃகு ஆலைகளுக்குத் தேவையான ஃபுளோர்ஸ்பார் கனிமத்துக்காக 20-ஆம் நூற்றாண்டில் கிளறி அழிக்கப்பட்டுவிட்டன. அதனாலேயே எஞ்சியவை அரியவை. தவிர, ஈயம் மிகுந்த மண்ணைத் தாங்கி வளரும் சில அரிய செடிகளுக்கும் அவையே இருப்பிடம். கிளறாமல் புல் மூடியபடி விடுவதே நச்சுத் தூசி பரவாமல் காப்பதற்கும் உகந்தது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் பதில்:
கொட்டகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இச்சுரங்கத்தின் வரலாறே தண்ணீரோடு நடந்த போராட்டம்தான். நீராவி எஞ்சின்களால் இறைத்தும் போதாமல், 1873 முதல் 1881 வரை பாறையைக் குடைந்து, வை ஆற்றுக்கு ஒரு மைலுக்கும் நீளமான வடிகால் வழி அமைத்தார்கள். 1950-களில் ஈயம் எடுக்க நடந்த கடைசி முயற்சியின் சாட்சிகள்தாம் அந்தத் தகரக் கொட்டகையும் குழிமேல் நிற்கும் இரும்புச் சட்டகமும். அழகான கல் கட்டடத்தை மட்டும் நிறுத்திக்கொண்டால், சுரங்கம் 19-ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது என்ற தவறான எண்ணமே பார்ப்பவர்க்கு ஏற்படும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், பழுதுபார்ப்பதற்கும் அனுமதி வேண்டுமா?

இரண்டாம் பதிலளித்தவர்:
ஆம். பட்டியலிடப்பட்ட நினைவுச் சின்னம் என்பதால், தொல்சின்னங்களைக் காக்கும் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழுதுபார்ப்புப் பணிகளுக்கும் பொதுவாக முன் அனுமதி பெற வேண்டும்.