அப்பாவின் ரிவால்வரா, நன்றாகச் சுடும் பிஸ்டலா?

ஏலத்தோட்டம்:
போடியில் வீடு, பூப்பாறைக்கு மேலே ஏலத்தோட்டம். காய் விற்ற பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆனால் ஆட்கள் வாரக் கூலியை ரொக்கமாகத்தான் கேட்கிறார்கள். அதனால் சனிக்கிழமைதோறும் பணப்பையோடு பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போடிமெட்டு வழியாகப் போகிறேன். என் உரிமத்தில் கேரளத்துக்கும் அனுமதி இருக்கிறது.

உரிமத்தில் இரண்டு துப்பாக்கிகள் பதிவாகியிருக்கின்றன. ஒன்று அப்பா 1999இல் வாங்கிய .32 ரிவால்வர். அவர் காலமான பிறகு முறைப்படி என் பெயருக்கு மாற்றினேன். கைப்பிடி மரத்தில் அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டு வழுவழுப்பான ஒரு குழி இருக்கிறது. என் விரலும் இப்போது அங்கேதான் போய் உட்காருகிறது. மற்றொன்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய .32 பிஸ்டல்.

ரைஃபிள் கிளப்பில் அனுமதி பெற்று மூன்று ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சுட்டுப் பார்த்தேன். தூரம் ஏழு மீட்டர், குறி சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். ஒவ்வொன்றிலும் முப்பது தோட்டா. பிஸ்டலில் 27 உள்ளே விழுந்தன. ரிவால்வரில் விசையை முழுதாக இழுத்துச் சுட்டதில் 19 மட்டுமே. குதிரையை, அதாவது பின்னாலுள்ள சுத்தியலை, முதலில் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு நிதானமாகத் தனியே சுட்ட இன்னொரு பத்தில் பத்தும் உள்ளே.

மனம் ரிவால்வரைக் கேட்கிறது. குறித்தாள் பிஸ்டலைக் காட்டுகிறது. இடுப்பில் எதை வைப்பது?

குறிப்பலகை:
அண்ணா, கம்பத்திலிருந்து எழுதுகிறேன். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறவள். உங்கள் கேள்விக்கு உங்கள் குறித்தாளே பதில் சொல்லிவிட்டது. முப்பதில் பதினொன்று வெளியே போயிருக்கிறது. அந்தப் பதினொன்றும் காற்றில் கரைந்துவிடவில்லை. தோட்டத்தில் குறிக்குப் பின்னால் மண்மேடு இருக்காது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தகரச் சுவர் இருக்கும். உள்ளே குழந்தைகள் தூங்குவார்கள்.

தவறியவை எங்கே விழுந்தன என்று பாருங்கள். நீங்கள் வலக்கைக்காரர் என்றால் பெரும்பாலும் இடப்பக்கம் கீழே விழுந்திருக்கும். விசையை வெடுக்கென்று இழுப்பதன் அடையாளம் அது. என் போட்டி பிஸ்டலில் விசையின் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அரைக்கிலோவைக் குழல் முனையிலுள்ள குறிமுள் அசையாமல் இழுக்கக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஓராண்டு ஆனது. ரிவால்வரில் அதே இழுப்பில் உருளையும் சுழல வேண்டும், குதிரையும் எழுந்து விழ வேண்டும். அத்தனை நீளத்துக்கும் அத்தனை கனத்துக்கும் முள் நடுங்காமல் நிற்பது எளிதல்ல.

அப்பாவின் நினைவு பெரிது. அதை வீட்டுப் பெட்டகத்தில் பத்திரமாக வையுங்கள். இடுப்பில் நன்றாகச் சுடுவது இருக்கட்டும்.

பழைய சுபேதார்:
தம்பி, ஒன்று கேட்கிறேன். கிளப்பில் சுட்டபோது பிஸ்டலின் அறையில், அதாவது குழலின் பின்முனையில், தோட்டா ஏற்றி வைத்துத்தானே தொடங்கினீர்கள்? சனிக்கிழமை மலை ஏறும்போது அறையில் தோட்டா இருக்கிறதா?

ஏலத்தோட்டம்:
இல்லை ஐயா. மேகசினில் மட்டும்தான் இருக்கும். அறை காலி. ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போகிறபோது அறையில் ஏற்றி வைக்க எனக்குப் பயம்.

பழைய சுபேதார்:
அப்படியானால் நீங்கள் சுட்டுப் பார்த்தது ஒரு துப்பாக்கி, சுமந்து போவது வேறொரு துப்பாக்கி. 27 என்ற எண் இடுப்பில் இருப்பதற்குப் பொருந்தாது. நீங்கள் சுமக்கிற நிலையில் பிஸ்டலை உறையிலிருந்து எடுத்து, தோட்டாவை அறையில் ஏற்ற இடக்கையால் மேலே உள்ள ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, அதன் பிறகுதான் சுட முடியும். அந்த இடக்கையில் அப்போது பணப்பை இருக்கும். ரிவால்வருக்கு ஒரு கை போதும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டலில் அதற்கும் இரண்டு கை வேண்டும்.

கம்பத்து மகளே, நீங்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் குறித்தாளில் எந்த நிலையில் சுட்டது என்று கேட்காமல் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. படையில் இருந்த காலம் முழுவதும் இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். புல்தரையில் படுத்துச் சுட்ட புள்ளியை ஓடி வந்து மூச்சு வாங்கச் சுடும்போது எதிர்பார்க்காதே என்பேன்.

மேற்குமலை:
எடையைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2014இல் கான்பூரிலிருந்து நிர்பீக் ரிவால்வர் வந்தபோது அரைக்கிலோ என்பதுதான் அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. 2023இல் வந்த பிரபல் ரிவால்வர் தோட்டா இல்லாமலே 700 கிராம். உருளை பக்கவாட்டில் திறக்கும். கடைக்காரர் மேசையில் அந்த இருநூறு கிராம் வித்தியாசம் தெரியாது. கவாத்து நடக்கிற சரிவில் ஏறி இறங்கும்போது நன்றாகவே தெரியும்.

என்னிடம் முன்பு கனமான பிஸ்டல் ஒன்று இருந்தது. அருமையாகச் சுடுவேன். ஓராண்டில் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் பீரோவில்தான். ஒரு மாலை தோட்டத்துப் பாதையில் இரண்டு பேர் என் பையைப் பிடித்து இழுத்தார்கள். அன்றும் அது பீரோவில்தான் இருந்தது. பையோடு போனது, உயிர் தப்பியது. அதன் பிறகு அதை விற்றுவிட்டு இலகுவான ரிவால்வர் வாங்கினேன். எடை குறைந்ததால் உதைப்பு கூடுதல். பழையதைவிட மோசமாகத்தான் சுடுகிறேன். ஆனால் ஒருநாள் தவறாமல் இடுப்பில் இருக்கிறது. பீரோவில் இருப்பது எத்தனை புள்ளி வாங்கி என்ன பயன்?

குறிப்பலகை:
மேற்குமலை அண்ணா, உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் மோசமாகச் சுடுகிறேன் என்று தெரிந்தே தினமும் சுமப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நல்ல பெல்ட்டும் சரியான உறையும் இருந்தால் அந்த இருநூறு கிராம் தாங்கக்கூடியதே. கனத்தைத் தாங்கப் பழகுவதா, குண்டு தவறுவதைத் தாங்கப் பழகுவதா?

தேவாரம் வக்கீல்:
சட்டத்தையும் நினைவில் வையுங்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அமெரிக்காக்காரர் போல நான்கைந்தை வாங்கிச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழி நமக்கில்லை. உரிமம் ஆளுக்குரியது என்பதால் மாமனுடையதைக் கடன் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் வம்பு. தோட்டாவும் உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைதான். எனவே இரண்டையும் சொந்தமாக வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஏலத்தோட்டத்தாருக்குக் கிடைத்தது அரிது.

தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் வருகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கணக்கில் நான் குறிப்பலகை அம்மையார் பக்கம்.

பழைய சுபேதார்:
ஏலத்தோட்டம் தம்பி, இன்னொன்று. ரிவால்வரைத் தோல் உறையில்தானே வைத்திருக்கிறீர்கள்? உருளையைத் திறந்து தோட்டாக்களை வெளியே எடுத்துப் பாருங்கள்.

ஏலத்தோட்டம்:
ஐயா, இப்போதுதான் பார்த்தேன். குழலைக் கீழே மடக்கியதும் ஆறும் எழும்பி வந்தன. இரண்டின் பித்தளை விளிம்பில் பச்சையாகக் களிம்பு. உறைப் பெல்ட்டில் செருகியிருந்தவை இன்னும் மோசம். தோல் பட்ட இடமெல்லாம் வளையம் வளையமாகப் பச்சை. ஒன்றை விரல் நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வருகிறது. அறையில் இறுக்கமாகத்தான் இறங்குகிறது. ஆனி, ஆடி முழுக்க மலையில் மழை. தோலில் ஏறிய ஈரம் காயவே இல்லை போலிருக்கிறது. அப்பா ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் தோட்டாக்களை எடுத்துத் துணியால் துடைத்துத் தனி டப்பாவில் போடுவார். எதற்கு என்று நான் கேட்டதே இல்லை.

இந்தத் தோட்டாக்களை ஒதுக்கிவிட்டேன். நீங்கள் சொன்னபடி, சுமக்கிற நிலையிலேயே மறுபடி சுட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஏலத்தோட்டம் *(ஏழு வாரம் கழித்து):*
முதலில் பழைய சோதனையைத் திருத்திச் செய்தேன். இடக்கையில் ஐந்து கிலோ அரிசிப் பை, அறை காலி, சட்டைக்கு உள்ளே உறை. செல்பேசி ஒலித்ததும் எடுத்து ஒரே ஒரு குண்டு. இப்படிப் பத்து முறை. பிஸ்டலில் ஒன்பது வட்டத்துக்குள். ஆனால் பையைக் கீழே போட்டு ஸ்லைடை இழுத்துச் சுட நான்கு நொடிக்கு மேல் ஆனது. ஒருமுறை பதற்றத்தில் ஸ்லைடை முழுதாக விடாமல் கையோடு கொண்டுவந்ததில் தோட்டா பாதியில் சிக்கிக்கொண்டது, தவறு என்னுடையதுதான். ரிவால்வரில் பத்தில் ஏழு, இரண்டரை நொடி, பை கையிலேயே இருந்தது.

பிறகு ஆறு வாரம் வீட்டில் பழகினேன். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் பூட்டியிருக்கும். உருளையில் போலித் தோட்டா. செங்கல் சுவரில் ஒட்டிய கறுப்புப் பொட்டைப் பார்த்து, குழல் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுக்க வேண்டும். முதல் வாரம் நாணயம் தரையில்தான் கிடந்தது. நேற்று கிளப்பில் முப்பதில் 25.

ரிவால்வரையே வைத்துக்கொள்ளப் போகிறேன். நைலான் உறை வாங்கிவிட்டேன்.

குறிப்பலகை:
அண்ணா, உழைப்புக்கு வாழ்த்துகள். 19இலிருந்து 25 என்பது சிறிய ஏற்றமல்ல. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விசைக்கு ஆறு வாரம் கொடுத்தீர்கள். பிஸ்டலை அறையில் தோட்டாவோடு, சேஃப்டி போட்டுச் சுமந்து பழக ஆறு நாளாவது கொடுத்தீர்களா? பயத்தைப் பழக்கத்தால் போக்க முடியும் என்று ரிவால்வரில் நீங்களே நிரூபித்துவிட்டு, பிஸ்டலுக்கு மட்டும் அந்த வாய்ப்பை மறுத்துவிட்டீர்கள். பிடித்ததை முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கு எண் தேடினீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய சுபேதார்:
மகளே, கேள்வி நியாயமானது. ஆனால் பழைய வடிவப் பிஸ்டல்கள் எல்லாவற்றிலும் கீழே விழுந்தால், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற ஊசியைத் தடுக்கிற அமைப்பு இருக்காது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அறையில் ஏற்றிச் சுமக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஏலத்தோட்டம்:
தங்கச்சி, நீங்கள் கேட்டது இரண்டு நாளாக மனத்தில் இருக்கிறது. பிடித்ததால்தான் ஆறு வாரம் விடாமல் பழகினேன் என்பது உண்மை. பிஸ்டலுக்கு அந்தப் பொறுமை எனக்கு வந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் ஏழு வயது மகள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஏறுவாள். அந்த நேரத்தில் அறையில் தோட்டாவோடு ஒரு பிஸ்டல் அங்கே இருப்பதை என் மனம் ஏற்கவில்லை. ரிவால்வர் என்றால் வாசலிலேயே மடக்கி ஆறையும் எடுத்துவிடுகிறேன். ஆறும் கையில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

தவறிய அந்த ஐந்து குண்டுகள் மட்டும் உறுத்துகின்றன. நீங்கள் சொன்னது போலவே நான்கு இடப்பக்கம் கீழே. தேர்தல் அறிவிப்பு வந்தால் இரண்டையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் ஒரு ஞாயிறு கிடைத்தால் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு சுட்டுப் பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் பாதி நாள் நான் அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறேன்.