இன்டிசைன்ல தமிழ் ஜஸ்டிஃபை பண்ணா வரிக்கு நடுவுல ஓட்டை விழுது, வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே, சேலம் செவ்வாய்பேட்டை பக்கம் இன்டிசைன் சாஃப்ட்வேர்ல டிடிபி (பக்க வடிவமைப்பு) பாக்குறேன், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஒரு மலர் ஓடிட்டிருக்கு, பக்கத்துக்கு ரெண்டு காலம் (column), யூனிகோட் ஃபான்ட், வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போசர் (தமிழ் மாதிரி எழுத்துகள சரியா கோக்குற செட்டிங்) ஆன்ல தான் இருக்கு. ஆனா ஜஸ்டிஃபை (ரெண்டு ஓரமும் நேரா வர்ற மாதிரி) போட்டா "திருவிழாவையொட்டி பக்தர்களுக்கு"ன்னு ரெண்டே வார்த்தை வரியோட ரெண்டு ஓரத்துல நிக்குது, நடுவுல லாரியே போகலாம். வேர்ட் ஸ்பேசிங் (வார்த்தைக்கு நடுவுல விடுற இடம்; கம்மி, நார்மல், அதிகபட்சம்னு சதவீதத்துல) டீஃபால்ட் 80, 100, 133 இருந்தத 70, 95, 120ன்னு கொறச்சும் பாத்தாச்சு, இருக்கறதே ஒரு கேப்னா அது என்ன பண்ணும் பாவம். லெட்டர் ஸ்பேசிங் கூட்ட இஷ்டமில்ல, தமிழுக்கு அது படிக்கவே நல்லா இருக்காது.

வார்த்தைய தானா ஒடைக்கிற ஹைஃபனேஷன் போட்டா வரிக்கடைசில கோடு வருது, நம்ம புக்குல கோடு இல்லாம தானே ஒடைப்போம். டிஸ்கிரிஷனரி லைன் பிரேக் (தேவைப்பட்டா இங்க ஒடைக்கலாம்னு சொல்ற, கண்ணுக்குத் தெரியாத குறி) கையால வச்சா கோடு இல்லாம அழகா ஒடையுது, ஆனா 96 பக்கத்துக்கும் யாரு உக்காந்து வைக்கிறது?

அதை தானா வைக்கிற மாதிரி கிரெப் (பேட்டர்ன் குடுத்து தேடி மாத்துறது) இல்லனா ஸ்கிரிப்ட் யார்ட்டயாச்சும் இருக்கா? காலு, கொம்பு எழுத்த விட்டு பிரியக்கூடாது, புள்ளி வச்ச எழுத்து வரி ஆரம்பத்துல வரக்கூடாது, ஒத்த எழுத்து தனியா தொங்கக்கூடாது, அவ்ளோதான். லெஃப்ட் அலைன் பண்ணுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, எனக்கு ஓகே தான், கமிட்டில ஒரு பெரியவர் ரெண்டு பக்கமும் நேரா இருந்தாதான் மலருன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு.