அவுட்போர்டு மோட்டாரில் ஆயில் இன்ஜெக்‌ஷனை நம்பலாமா, கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே கலக்கலாமா?

ஊட்டிப் படகுக்காரர்:
ஊட்டியிலிருந்து தள்ளி ஒரு அணையில் பாதுகாப்புப் படகு ஓட்டுகிறோம். 40 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். ஆயிலுக்குத் தனி டேங்க், அதிலிருந்து ஆயிலைத் தானாக இன்ஜினுக்குச் செலுத்தும் பம்ப் (இதுதான் ஆயில் இன்ஜெக்‌ஷன்) இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும். பாதி நேரம் சுற்றுலாப் படகுகளுக்குப் பின்னால் மெதுவாகத்தான் போகும், ஆனால் யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் அந்த நொடியே முழு வேகம் எடுத்தாக வேண்டும். மார்கழிப் பனி தொடங்கியதிலிருந்து காலையில் ஒரே புகை, ப்ளக்கைக் கழற்றினால் கரி பிடித்து ஈரமாக இருக்கிறது. அதே சமயம் பம்புக்குப் போகும் பிளாஸ்டிக் ஹோஸில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளும் தெரிகின்றன. ஆயில் எச்சரிக்கை பஸர் ஒருமுறைகூடக் கத்தவில்லை. கீழே ஒரு மெக்கானிக்கிடம் கேட்டால், எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு பெட்ரோலில் டூடி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து ஓட்டுங்கள் என்கிறார். ஆயில் அதிகமாகப் போகிறதா, போகவே இல்லையா என்றே புரியவில்லை. ஆள் உயிர் சம்பந்தப்பட்ட படகு, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தூத்துக்குடி மெக்கானிக்:
தம்பி, முதலில் அந்தக் குமிழியைப் பாருங்கள், புகையை அப்புறம் பார்க்கலாம். பஸர் கத்தவில்லை என்பதை வைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். இந்த அளவு மோட்டார்களில் பெரும்பாலும் டேங்கில் மிதவை சென்சார் மட்டும்தான் இருக்கும், டேங்கில் ஆயில் இருக்கிறதா என்று மட்டும் அதற்குத் தெரியும். அந்த ஆயில் சிலிண்டருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. டேங்க் நிறைய ஆயில் இருக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொண்ட இன்ஜின்கள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன.

இன்றைக்கே 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில் கலந்து ஊற்றுங்கள், பம்பும் தன்பாட்டுக்கு ஓடட்டும். புகை இன்னும் கூடும், ப்ளக் சீக்கிரம் கருக்கும், ஆனால் இன்ஜின் தப்பிக்கும். பிறகு ஹோஸை முழுக்கத் தடவிப் பாருங்கள், மஞ்சளித்து விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள், இரண்டு முனையிலும் கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள், ஆயில் கசியாத இடத்தில்கூடக் காற்று உள்ளே புகும். பம்பில் ஏர் எடுக்கிற ஸ்க்ரூ இருக்கும், அதைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை ஆயிலை வெளியே விடுங்கள். கார்புரேட்டரிலிருந்து பம்புக்கு வருகிற லிங்க் ராடு மேனுவலில் சொன்ன குறிக்கு நேராக நிற்க வேண்டும், அது நழுவியிருந்தால் வேகத்துக்கு ஏற்ற ஆயில் வராது. எல்லாம் முடிந்ததும் டேங்கில் ஒரு டேப் ஒட்டி ஆயில் மட்டத்தைக் குறித்துவிட்டு, கலந்த பெட்ரோலிலேயே ஓட்டிப் பாருங்கள். மட்டம் இறங்கினால்தான் பம்ப் வேலை செய்கிறது என்று நம்பலாம்.

கொடைக்கானல்காரன்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் புகைக்கு ஆயில்மீது பழி போட வேண்டாம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடற்கரைக்கு வைத்த ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) ஓடினால் பெட்ரோல் அதிகமாகித்தான் ப்ளக் கருக்கும், இழுவையும் குறையும். உயரத்துக்கு ஏற்ற சின்ன ஜெட் போட்டுவிட்டு அப்புறம் புகையைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் பம்ப் இன்ஜின்களுக்கும் இதே கதைதான்.

கழற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெட்ரோலில் கலந்தால் எப்போதும் ஒரே 50:1 (50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) தான், மெதுவாகப் போகும்போதும் அவ்வளவு ஆயில் எரியும். இன்ஜெக்‌ஷன் மெதுவான ஓட்டத்தில் 100:1 அளவுக்குக் குறைத்துக்கொள்ளும். பாதி நேரம் ஊர்ந்து போகிற உங்கள் படகுக்கு அதுதான் ஏற்றது.

தூத்துக்குடி மெக்கானிக்:
ஜெட் விஷயத்தைக் கடற்கரையில் இருக்கிற நான் யோசிக்கவே தேவைப்படவில்லை, நல்லது. கழற்றச் சொல்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், 1984இல் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் விஆர்ஓ என்று ஒன்று வந்தது, பெட்ரோல் பம்பும் ஆயில் பம்பும் ஒரே கூட்டுக்குள். அதன்மேல் பயந்து பலர் மாற்றினார்கள். உங்களுடையது இன்ஜின் பல்சக்கரத்தில் சுற்றுகிற பம்ப், அமைப்பே வேறு. அப்படியே கழற்றுவதானாலும் ஹோஸை மட்டும் பிடுங்கிவிட்டால் பம்ப் காய்ந்து சுற்றும், பம்பையே எடுத்துவிட்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும்.

ஊட்டிப் படகுக்காரர்:
டேங்க் பக்கத்து முனையில் ஹோஸ் வெடித்திருந்தது அண்ணா, புதிது போட்டாயிற்று. டேங்க் அடியில் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறது. ஆயிலும் தீரப் போகிறது, இங்கே ஸ்கூட்டர் டூடி ஆயில்தான் சுலபமாகக் கிடைக்கிறது, ஊற்றலாமா?

தூத்துக்குடி மெக்கானிக்:
வெளுத்தால் தண்ணீர். மூடுபனியில் பாதி டேங்க் காலியாக நின்றால் உள்ளே வியர்க்கும், தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கி முதலில் பம்புக்குத்தான் போகும். முழுக்க வடித்து, வடிகட்டியையும் ஹோஸையும் கழுவி, ராத்திரியில் டேங்கை நிரப்பியே வையுங்கள். ஸ்கூட்டர் ஆயில் வேண்டாம். அதில் சாம்பல் மிஞ்சும், தண்ணீரில் குளிர்கிற படகு இன்ஜினில் அது ப்ளக்கிலும் பிஸ்டனிலும் படியும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3, தண்ணீரில் குளிர்கிற டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில் தரக் குறி) என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள், கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. மட்டம் ஒழுங்காக இறங்குகிறது என்று உறுதியாகும்வரை பெட்ரோலில் கலப்பதை நிறுத்தாதீர்கள்.